கோந்து அக்கா கைதூக்கிய கூட்டம்

கோந்து அக்கா என்றுதான் ஊரே அவளைக் கூப்பிடும். கீழத்தெருவில், ஊர்க்காரர்கள் கறந்து கொண்டுவரும் பாலை அளந்து பால் வேனுக்கு அனுப்புகிற வேலை அவளுக்கு. காலையில் எல்லோரும் தூக்குவாளியோடு அவள் வீட்டு முன்னறையில் வரிசையில் நின்றாக வேண்டும். வரப்புத் தகராறில் முறைத்துக்கொண்டவர், கோழி காணாமல் போனதற்குப் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டவள், எல்லோரும் அங்கேதான். யாரை யாருக்குப் பின்னால் நிறுத்தினால் பேச்சு முளைக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. "அண்ணே, இவரு வாளிய ஒரு நிமிஷம் புடிங்க" என்பாள். பிடித்தவர் எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

ஊரையே ஒட்டவைத்தவள், கூடப்பிறந்த அக்காவோடு மட்டும் பல வருஷமாகப் பேசுவதில்லை. அம்மாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொண்டது என்று தொடங்கிய சண்டை, அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் சாகவில்லை. அக்கா வாழ்க்கைப்பட்டது மேலத்தெருவில். அங்கே மகளிர் குழுத் தலைவி. அவள் தலையாட்டாமல் அந்தத் தெரு அசையாது.

இந்த லட்சணத்தில்தான் ஓடைக்குப் பாலம் போடத் திட்டக் கூட்டம் வைத்தார்கள். மழை பெய்தால் எங்கள் ஊர் தனித்தீவு. போன மழைக்கு ஒரு பிள்ளைத்தாச்சியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் போனோம். கட்டிலின் ஒரு காலைப் பிடித்தவன் நான். அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்: பாதி வீட்டுக்காரர்களாவது வந்து, கைதூக்கி இடத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பணம் வேறு ஊருக்கு. அக்கா வராததால் மேலத்தெருவும் வராமல், இரண்டு முறை ஆள் சேரவில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு.

கீழத்தெரு மட்டும் வந்தால் பாதி தேறாது. மேலத்தெரு வந்தால் பாலம் அவர்கள் பக்கம்தான், அங்கே தலை அதிகம். பாலம் அங்கே போனால் பால் வேனும் அங்கேதான் நிற்கும். வேன் நிற்கிற இடத்து வீட்டுக்குத்தான் பால் அளக்கிற வேலை. அங்கே ஓடையை ஒட்டிய முதல் வீடு அக்காவுடையது. கோந்துவின் புருஷனுக்கோ நிலையான வேலை கிடையாது. அவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

"உங்க அக்காகிட்ட போகாத. சொந்தக் காசுல சூனியம் வச்சுக்காத" என்றான் புருஷன்.

"வருஷா வருஷம் கட்டில தூக்கிக்கிட்டே இருப்பீங்களா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். வா என்று சொல்லவில்லை.

"நாளைக்கு உங்க தெருவக் கூட்டிட்டு வா. எந்தப் பக்கம் வேணா கைதூக்கிக்கோ. வந்தாப் போதும்" என்றாள் கோந்து.

அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கதவை உதைத்திருப்பேன்.

மறுநாள் பள்ளிக்கூட வகுப்பறையில் பாதி பெஞ்சு காலி. அதிகாரி பையை மூடத் தொடங்கியபோது வெளியே பேச்சுச் சத்தம் கேட்டது. அக்கா முன்னால், மேலத்தெரு பின்னால். கோந்து ஓடிப்போய் இரண்டு தெருவையும் கலந்து உட்காரவைத்தாள். தெருவாரியாக உட்கார்ந்தால் தெருவாரியாக எழுந்து போவார்கள் என்பது அவள் கணக்கு. கடைசியில் அவளுக்கு மிஞ்சியது அக்காவுக்குப் பக்கத்து இடம்தான்.

"மேலத்தெருப் பக்கம் வேணும்னா கைதூக்குங்க" என்றார் அதிகாரி. கைகள் எழுந்தன.

எங்கள் தெருச் செங்கல் சூளைக்காரர் துள்ளி எழுந்தார். "இதுக்குத்தான் இவங்கள வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டியா? வாங்கடா போலாம்!" அங்கங்கே பெஞ்சுகள் நகர்ந்தன. மேலத்தெருவிலும் எல்லோரும் வந்துவிடவில்லை; நாலு பேர் வெளியேறினாலும் கூட்டம் செல்லாது. அதிகாரியின் பேனா நின்றுவிட்டது.

கோந்து கெஞ்சவில்லை. உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாள், மேலத்தெருப் பக்கத்துக்கு.

அவளுக்குப் போகப்போவது என்ன என்று அந்த அறையில் தெரியாதவர் இல்லை. சூளைக்காரர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "கைய எறக்குடி! கிறுக்கா உனக்கு? சோத்துக்கு என்ன பண்ணுவ?"

அத்தனை வருஷத்தில் அக்கா அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எண்ணிக்கிட்டிருக்காரு, விடு" என்றாள் கோந்து.

அக்கா விடவில்லை, கோந்துவும் இறக்கவில்லை. சூளைக்காரர் திரும்பி வந்து உட்கார்ந்து, எங்கோ பார்த்தபடி கைதூக்கினார். பிறகு நானும் தூக்கினேன். அதிகாரி எண்ணி முடிக்கிறவரை அக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்தபடியே அழுதாள்.

பாலம் வந்துவிட்டது. வேனும் வேலையும் மேலத்தெருவுக்குப் போய்விட்டன. கோந்து இப்போது ஓடைக்கு அக்கரையில் இருக்கிற சூளையில் செங்கல் சுமக்கிறாள். சூளைக்காரர் கேட்காமலே கொடுத்த வேலை. தினமும் அந்தப் பாலத்தின் மேல்தான் நடந்து போகிறாள். அக்கா பால் அளப்பதைப் பாதியில் விட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடிவந்து வழிமறிக்கிறாள். வேண்டாம் என்றால் ஊர் கேட்கத் திட்டுகிறாள். தங்கையும் விடாமல் திருப்பித் திட்டிவிட்டு, தூக்கை வாங்கிக்கொண்டு சூளைக்கு நடக்கிறாள்.