மருந்து குறைக்காத பக்கம்

வயதானவர்கள் தடுமாறி விழுவதற்குப் பாதிக் காரணம் அவர்கள் விழுங்கும் மாத்திரைகள்தான் என்று நிரூபிக்கவே அவள் தன் இளமையைத் தேய்த்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர். யாருடைய மருந்துச் சீட்டைப் பார்த்தாலும் நாலை வெட்டச் சொல்வாள்.

கடைசியில் பெரிய ஆய்வு ஒன்று கிடைத்தது. சில மருத்துவமனைகளில் அவளுடைய குழு டாக்டர்களோடு உட்கார்ந்து வேண்டாத மருந்துகளைக் குறைக்கும். மற்றவற்றில் எதையும் தொடாமல், விழுந்தவர்களை எண்ணிக்கொண்டு மட்டும் இருக்கும். குலுக்கிப் போட்டதில், அவளுடைய அக்கா போகும் மருத்துவமனை தொடாத பக்கத்தில் விழுந்தது.

அக்காதான் பள்ளிக்கூட வேன் ஓட்டி அவளைப் படிக்க வைத்தவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மாத்திரைகளை மேசையில் பரப்பினாள். பிரஷருக்கு இரண்டு, தூக்கத்துக்கு ஒன்று, அவற்றால் வந்த தலைசுற்றலுக்கு இன்னொன்று.

"எழுந்தா கிறுகிறுன்னு வருதுடி. இத்தனையும் வேணுமா? உன் வேலையே இதுதானே?"

பதில் நாக்கு நுனிவரை வந்தது. ஆய்வை நடத்தும் பேராசிரியர் சொன்னதும் கூடவே வந்தது: "தொடாத பக்கத்துல நாமளே கைய விட்டோம்னு தெரிஞ்சா, இந்த ஆய்வை ஒருத்தனும் மதிக்க மாட்டான்."

"டாக்டர் குடுத்ததைச் சாப்பிடுக்கா," என்றாள்.

அந்த மாதமே அக்கா குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை செய்த இடத்தில் சீழ் வைத்து, கால் ஊன்ற முடியாமலே போயிற்று.

ஆய்வு ஜெயித்தது. பேராசிரியர் கைகொடுத்தார்.

"மருந்து குறைக்காத பக்கம் நிறைய பேரு விழுந்துட்டாங்கம்மா. நம்ம அதிர்ஷ்டம்."

அவளும் சிரித்தாள். சிரித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அதற்குள் ஆஸ்பத்திரியில் அக்காவின் தூக்க மாத்திரையை மெல்ல மெல்ல நிறுத்தியிருந்தார்கள். அக்காவுக்குத் தலை தெளிந்தது. தெளிந்ததும் கேட்டாள்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்கா."

அக்கா போர்வையில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"உன்னை ஆய்வுக் கணக்குலேர்ந்து எடுத்திருப்போம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா," என்றாள் அக்கா.

அடுத்த வாரம் அவள் அக்கா வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். மாமா கதவைப் பாதிதான் திறந்தார்.

"அவ தூங்குறா," என்றார்.

உள்ளே அக்கா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருப்பது தெளிவாகக் கேட்டது.