முடிந்துபோன இத்தா

என் கணவர் இறந்த செய்தி எனக்கு வந்தபோது அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. இது ஐம்பதுகளின் கடைசியில். காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார் என்று, அவர் வேலை பார்த்த பினாங்குக் கடையின் முதலாளி உடனேதான் கடிதம் போட்டிருந்தார். நாங்கள் திண்டுக்கல்லுக்குள்ளேயே வீடு மாறியிருந்தோம். பழைய வீட்டுக்கு வந்த கடிதத்தை அங்கே குடிவந்தவர்கள், அப்புறம் கொடுக்கலாம் என்று ஓட்டுச் சந்தில் செருகி வைத்து மறந்துவிட்டார்கள். அவரோ கடிதம் எழுதுவதில் மகா சோம்பேறி. மூன்று மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிசயம். அதனால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த ஐந்து மாதத்தில் நான் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு இரண்டு கல்யாணத்துக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கணவன் இறந்தால் எங்களில் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை, நகை கிடையாது, பூ கிடையாது, வாசல்படி தாண்டக் கூடாது. மாமியார் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் அஜரத்தை வரவழைத்தார். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கடிதத்தைப் படித்தார்.

"மவுத்தான நாள்ல இருந்து கணக்கும்மா. கெடு முடிஞ்சு போச்சு. இனி உக்கார வேண்டியதில்ல."

எனக்கு அது வசதியாகப் போயிற்று. இத்தா இல்லையென்றால் சாவும் இல்லை. என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. அந்தப் பேரில் பினாங்கில் வேறு ஆளே கிடையாதா என்று எல்லோரையும் மடக்கினேன். கழுத்தில் தாலியாகக் கட்டிய கருகமணியும் கையில் வளையலும் அப்படியே கிடந்தன. இந்த வீட்டில் யாரும் அழக் கூடாது என்று சட்டம் வேறு போட்டேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது, வாய் ஜாஸ்தி. பெற்ற மகனைப் பறிகொடுத்த மாமியார் என் வாய்க்குப் பயந்து, அழுகை முட்டும்போதெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வருவார். எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டேன். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் காலையில் வடமதுரையிலிருந்து என் பெரியம்மா வந்தார். மாமியார் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பெரியம்மா அவருக்கும் கேட்கிற மாதிரியே பேச்சை எடுத்தார்.

"தோல் யாவாரம் பண்றவரு. பொஞ்சாதி மவுத்தாயி ஒரு வருசமாச்சு. தங்கமான மனுசன். ஒனக்குத்தான் இத்தா முடிஞ்சிருச்சே, இன்னும் என்னத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கணும்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புருஷன் உயிரோடு இருக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அவரு செத்து எனக்கு இன்னும் ஒரு நாள்கூட ஆகல பெரியம்மா. அதுக்குள்ள மாப்பிள்ளை கொண்டாந்துட்டீகளா?"

அவர் செத்துவிட்டார் என்று என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் கருகமணியைக் கழற்றி மாடக்குழியில் வைத்தேன். வளையல்களையும் கழற்றினேன்.

"வெள்ளைச் சேலை ஒண்ணு எடுத்துக் குடுங்க மாமி. நாலு மாசம் பத்து நாளும் உக்காரப் போறேன். அஜரத்து என்ன சொன்னாலும் சரி."

மாமியார் கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, வழக்கம்போல் வாசலைப் பார்த்து நடந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"எங்க போறீக? இங்கனயே அழுங்க மாமி" என்றேன்.