பசிக்காத நோன்பு

ரமழான் முடிந்தது. பெருநாளைக்குப் பிந்திய ஆறு நோன்பும் முடிந்தது. என் ராத்தாவின், அதாவது அக்காவின், மகன் மட்டும் நோன்பை விடவில்லை. ராத்தா கட்டுகஸ்தோட்டையிலிருந்து போன் எடுக்கும்போதெல்லாம் அதே பேச்சுத்தான். "மாஷா அல்லாஹ், விடியமுந்தி சஹருக்கும் ஒண்ணும் திங்கிறல்ல. நித்திரையும் இல்ல. எந்நேரமும் முழிச்சுத்தான் ஈக்கிறான்."

"அப்ப ஒங்கட மகன் அவுலியாவாகிட்டான்" என்று, இறைநேசர் பட்டம் கட்டிக் கிண்டல் செய்தேன். சிரித்துவிட்டுப் போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். சாப்பிடாமல், தூங்காமல், தன் வாப்பாவின் துணிக்கடையில் பகல் முழுக்க நிற்கிற பத்தொன்பது வயதுப் பிள்ளை எப்படித் தாக்குப்பிடிக்கிறான்?

நான் பள்ளிக்கூட ஆசிரியை. போதையைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசும் வேலையையும் என் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிக்கிறவனுக்குப் பசியும் தூக்கமும் செத்துவிடும் என்று எத்தனை வகுப்பில் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறேன்! பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், நான் ஏசுவேன். அப்படிப்பட்ட வாய்க்காரி, அந்தச் சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, ராத்தாவிடம் காரணம் சொல்லாமலே அவள் வீட்டு வாசலில் போய்ச் செருப்பைக் கழற்றினேன்.

அவன் அறையில் தரையில் குந்தியிருந்தான். பத்திரிகைத் தாளை விரித்து, மின்விசிறியைக் கழற்றிப் போட்டு, ஸ்க்ரூ ஆணிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக்கிக்கொண்டிருந்தான். அலுமாரிப் பூட்டையும் ரைஸ் குக்கரையும் முன்பே கழற்றித் திரும்பப் பூட்டியிருந்தானாம். வீட்டில் ஒரு சாமானும் பழுதில்லை என்று ராத்தா அதையும் புகழ்ந்திருந்தாள். விசிறியிலும் பழுது எதுவும் இருக்கவில்லை. அவன் பெல்ட்டில் கத்தியால் குத்திய புதிய துளை ஒன்று இருந்தது. கீழ்த்தாடை எதையோ மெல்வதுபோல ஓயாமல் அரைத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"மகன், இண்டைக்கும் நோம்பா?"

அவன் நிமிரவில்லை.

"நிய்யத் வச்சியா?"

நோன்பு பிடிக்கிறவர் அதற்கென்று மனத்தில் எண்ணம் வைக்க வேண்டும். அந்த நிய்யத் இல்லாவிட்டால் அது வெறும் பட்டினி. சின்ன வயதில் ராத்தா அவனை மடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தது அது. எதில் பொய் சொன்னாலும் அதில் அவனால் சொல்ல முடியவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"இல்ல சாச்சி. பசிக்கல்ல, அவ்வளவுதான். நோம்புண்டு நான் ஒரு நாளும் செல்லல்ல. உம்மாதான் செல்றாங்க."

"ஐஸா?"

ஓர் ஆணியை எடுத்துப் பக்கத்து ஆணியோடு நேராக்கினான். அவன் கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

"டொக்டர்ட்ட போவோம் மகன். நானே கூட்டிட்டுப் போறேன்."

"தனிய அத விடப் பாத்தேன் சாச்சி. ஏலல்ல." கதவுப் பக்கம் பார்த்தான். "உம்மா போகச் சென்னா வாறேன்."

அந்த ஒரு சொல்லைக் கேட்டு வாங்கத்தான் குசினிக்கு ஓடினேன். ராத்தா கஞ்சி துழாவிக்கொண்டிருந்தாள். பார்த்ததையும் அவன் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். கத்துவாள், வீட்டை விட்டே என்னைத் துரத்துவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த அகப்பை நிற்கக்கூட இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "பெருநாளைக்கு முந்தியே தெரியும். டொக்டர்ட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிரும். பொறகு என்ட மகளுக்கு மாப்பிள்ள வருமா? நோம்புண்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"யா அல்லாஹ்! புள்ள செத்துருவான் ராத்தா!"

"மெல்லப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்."

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. ராத்தா அடுப்பை அணைத்துவிட்டு, கஞ்சிக் கோப்பையோடும் பேரீச்சம்பழத்தோடும் அவன் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"நோம்பு தொறங்க மகன்" என்றாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற குரலில்.

போகச் சொல்வாளா என்று அவன் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பழத்தை மட்டும் நீட்டினாள். பழம் அவன் உதட்டருகே அப்படியே நின்றது. அவன் வெறும் வாயை மென்றுகொண்டே இருந்தான்.