டியோலிண்டாவின் சிக்கனம்

டியோலிண்டா பிமென்டெல் எதில் தோற்றாலும் தண்ணீர் பில்லில் தோற்றதில்லை. கணவர் ஜில்பெர்ட்டோ போய்ச் சேர்ந்தபோதும் சரி, முட்டி தேய்ந்து வங்கி அலுவலகங்களைத் துடைக்கும் வேலையை விட்டபோதும் சரி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் காகிதம் மட்டும் அவளைக் கைவிட்டதே இல்லை. அறுபது டாலர், மிஞ்சினால் அறுபத்தைந்து. இப்போது காலை வேளையில் ரொட்டிக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறாள். கைப்பையில் கடைசி பில் மடித்து இருக்கும். ரொட்டி வாங்க வந்த யாராவது விலைவாசியைப் பற்றி வாயைத் திறந்தால் அது வெளியே வரும்.

"நாலு ஆம்பளப் பசங்கள வளத்த வீடு. நீயே பாத்துக்க," என்பாள்.

ஏரிக்கரை எஃகு ஆலைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெருவில் அந்த பில்லைப் பார்க்காத போர்ச்சுகீசியக் குடும்பம் கிடையாது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. கடல் நடுவே இருக்கும் போர்ச்சுகீசிய அசோரஸ் தீவில், மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்து வளர்ந்தவள். சுடுதண்ணீர் வரும்வரை குழாயில் ஓடும் பச்சைத் தண்ணீரை வாளியில் பிடிப்பாள். காய்கறி அலசிய தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகும். ஆனால் சனிக்கிழமை காலையில் வாசல் படியையும் கார் நிறுத்தும் சிமென்ட் தரையையும் ரப்பர் குழாய் போட்டு ஒரு மணி நேரம் அடித்துக் கழுவாவிட்டால் எங்கள் தெருவில் அது கிறிஸ்தவ வீடே இல்லை. அதெல்லாம் சிக்கனக் கணக்கில் சேராது, சுத்தக் கணக்கு.

அப்படிப்பட்டவளுக்கு மார்ச் மாதம் இருநூற்றுப் பதினான்கு டாலருக்கு பில் வந்தது. உறை மாறி வந்திருக்கும் என்று பெயரை மூன்று தடவை படித்தாள். அவள் பெயர்தான்.

ஜனவரியிலிருந்து வீட்டில் புதிதாக என்ன? கெண்ட்ரா. கடைக்குட்டி நெல்சனின் மனைவி. சொந்த வீடு வாங்கக் காசு சேர்க்கலாம் என்று இருவரும் ஜனவரியில்தான் இந்த வீட்டின் நிலவறையில் குடிவந்திருந்தார்கள். கெண்ட்ராவுக்கு ஏழு மாதம். முதுகு வலிக்கு இதமாகச் சாயங்காலம் தொட்டி நிறையச் சுடுதண்ணீர் பிடித்து அதில் கிடப்பாள். டியோலிண்டாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில், சூப்பை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள். மகனிடம் எப்போதும் போர்ச்சுகீசியத்தில் பேசுகிறவள், மருமகளுக்குப் புரியட்டும் என்றே ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நெல்சன், உன் பொண்டாட்டி உள்ள குளிக்கிறாளா, இல்ல மீன் வளக்கிறாளா?"

"என்கிட்டயே நேரா கேக்கலாமே, லிண்டா," என்றாள் கெண்ட்ரா. மாமியாரை அவள் அப்படித்தான் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவாள்.

"சரி, உன்கிட்டயே கேக்கறேன். தினமும் தொட்டி நிறைய எதுக்கு?"

"முதுகு வலிக்குது."

"நான் நாலு பெத்தவ. வலிச்சா படுத்துப்பேன்."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து முட்டை வேக நேரம் குறிக்கும் மணியை முறுக்கிவிட்டு, குளியலறைக் கதவுக்கு வெளியே நிற்க ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் நெல்சன் மட்டும் மேலே வந்தான்.

"அடுத்த தெருவுல ஒரு வாடகை வீடு பாத்திருக்கோம்மா. ஒண்ணாந்தேதி போறோம்."

"தண்ணிக்காகவா?"

"தண்ணிக்காக இல்ல. மணிய வச்சுக்கிட்டு கதவுக்கு வெளிய நின்னியே, அதுக்காக."

மூத்தவர்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு ஊரில். இவனும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளும் குளிர்சாதனப் பெட்டியும்தான். பிறக்கப்போகும் குழந்தையை விருந்தாளி மாதிரி போய்த்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் தப்பு யார்மேல் என்று தெரியாமல் மன்னிப்புக் கேட்கிற ரகம் இல்லை அவள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் கண்டுபிடித்துவிடுவது என்று கிளம்பினாள். உண்மையைச் சொன்னால், மருமகள் மேலிருந்த கோபத்தைவிட இப்போது ஆவல்தான் பெரிதாக இருந்தது. அவ்வளவு தண்ணீர் எங்கேதான் போகிறது?

ரொட்டிக் கடையிலிருந்து கேக்குக்குப் போடும் நீலச் சாயத்தைக் கொண்டுவந்து மேல்மாடிக் கழிவறையின் ஃப்ளஷ் தொட்டியில் ஊற்றினாள். ஒழுகினால் பீங்கானில் நீலம் இறங்கும். யாரும் உள்ளே போகக் கூடாது என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டு, ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பீங்கான் வெள்ளையாகவே இருந்தது. தோட்டத்துக் குழாயின் வாயில் துணியைச் சுற்றி வைத்தாள், துணி நனையவில்லை. கொதிகலனுக்கு அடியில் கை விட்டுப் பார்த்தாள். புழுதிதான் வந்தது.

கடைசியில் தண்ணீர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அரை மணி நேரம் இசையைக் கேட்டபிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க மீட்டரே ரேடியோ மூலமா எங்களுக்கு அளவ அனுப்பிடும்மா. நேத்து வந்த அளவு எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. வேணும்னா உங்க மீட்டர்ல சரிபாருங்க."

மீட்டர் நிலவறையில், கெண்ட்ராவின் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால். அவர்கள் குடிவந்த நாளிலிருந்து நிலவறைக் கதவை டியோலிண்டா தட்டியதே இல்லை. திறந்துகொண்டு போவதுதான் வழக்கம். அன்றைக்குத் தட்டினாள். உள்ளே அட்டைப்பெட்டிகளில் பாதிச் சாமான் ஏறியிருந்தது.

"என்ன, மணி கொண்டு வரலியா?" என்றாள் கெண்ட்ரா.

"கிண்டல் அப்புறம். டார்ச்ச எடு. என்னால குனிய முடியாது."

"நான் மட்டும் குனிய முடியுமா?" என்றாலும் கெண்ட்ரா டார்ச்சை எடுத்தாள். இரண்டு பேரும் இயந்திரத்தை நகர்த்தினார்கள். கெண்ட்ரா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி எண்களைப் படித்தாள்.

"மூவாயிரத்து எழுநூத்து நாப்பத்திரண்டு."

"எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுன்னு சொன்னாளே. சரியா பாரு."

"சரியாத்தான் பாக்கறேன். அந்த பில்லைக் குடுங்க." பில்லில் மீட்டரின் எண் இருக்கிறது என்று கெண்ட்ராவுக்குத் தெரிந்திருந்தது. அவள் டார்ச்சை ஒருமுறை பில்லிலும் ஒருமுறை மீட்டரிலும் அடித்தாள். "லிண்டா, இது உங்க மீட்டரே இல்ல. நம்பர் வேற. எப்ப மாட்டினாங்க இத?"

பதினேழு வருடத்துக்கு முன்னால். ஒரே சுவரை ஒட்டி நிற்கும் இந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே நாளில், ஒரே ஆள் மாட்டிவிட்டுப் போனான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் டியோலிண்டாவுக்கே பாதி விளங்கிவிட்டது. இருவரும் அப்படியே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

பக்கத்து வீட்டில் ஜனவரியில்தான் எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் குடியேறியிருந்தது. ஐந்து குழந்தைகள். அம்மா செலாம் ஈரக் கையைத் துடைத்தபடி அவர்களைக் கீழே அழைத்துப்போனாள். அங்கே இருந்த மீட்டரில் டியோலிண்டாவின் பில்லில் இருந்த எண்ணே இருந்தது. அளவு எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு. மாட்டியவன் இரண்டு வீட்டு எண்களையும் மாற்றி எழுதிக்கொண்டு போயிருக்கிறான், அந்த வீட்டு பில் இங்கேயும் இந்த வீட்டு பில் அங்கேயும் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"வீட்ட வித்தப்பவே அந்தப் பெரியவர் சொன்னாருங்க," என்றாள் செலாம். "எல்லாம் நல்ல வீடு, தண்ணி பில்லு மட்டும் கொன்னுடும்னு. நாங்க ஏழு பேரு. பில்லு நூத்திப் பத்துதான் வந்துது. கடவுள் கண்ணத் தொறந்துட்டாருன்னு நெனச்சோம்."

"கடவுள் இல்ல. நான்," என்றாள் டியோலிண்டா.

வெளியே வந்து பாதி உருகிய பனியில் நின்றபோது கெண்ட்ரா மெல்லக் கேட்டாள். "அப்போ அந்த அறுபது டாலர் பில்லு..."

"தெரியுது. பேசாத."

அந்த வீட்டில் இதற்குமுன் இருந்தவர் வெர்னன் டாகெட். எஃகு ஆலையில் ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன டிசம்பரில்தான் முதியோர் இல்லத்துக்குப் போனார். பதினேழு வருடம் டியோலிண்டா எல்லோரிடமும் காட்டிப் பீற்றிக்கொண்ட பில் அந்த ஒற்றை மனிதனுடையது. நாலு பையன்களின் குளியலும், கால்பந்துச் சட்டைகளும், சனிக்கிழமைச் சிமென்ட் தரையும் அவர் தலையில் விடிந்திருக்கின்றன. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது இதுதான். அதைவிட மோசமான ஒன்றும் அவளுக்கு நினைவு வந்தது. ஒருநாள் அவர் வேலியோரம் பில்லோடு வந்து, "இந்த வீட்டுல நான் ஒருத்தன்தான். எப்படிம்மா இவ்வளவு வருது?" என்று கேட்டார். அவள் தன் பில்லை எடுத்துக் காட்டி, தண்ணீரை எப்படி மிச்சம் பிடிப்பது என்று அவருக்குக் கால் மணி நேரம் பாடம் எடுத்தாள். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து யோசித்தாள். அலுவலகத்துத் தவறு, திருத்தியாயிற்று என்று நெல்சனிடம் ஒரு வரியில் முடித்துவிடலாம். கடையில் யாருக்கும் தெரியப்போவதில்லை. கெண்ட்ராவும் கணவனிடம் எதுவும் சொல்லவில்லை. "அது நீங்க சொல்ல வேண்டியது," என்று மட்டும் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்தான் டியோலிண்டாவைக் குடைந்தது. தான் மணி வைத்து வேவு பார்த்த பெண்ணுக்கு, தன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடையிலிருந்து முட்டை போட்ட இனிப்பு ரொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து நிலவறைக் கதவைத் தட்டினாள்.

"கார எடு. வெர்னன பாக்கணும்."

வெர்னன் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். எண்பத்தாறு வயது, காது மட்டும் கூர்மை. டியோலிண்டா உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் முன்னால் சாய்ந்தார்.

"அப்போ என் வீடு ஒழுகல?"

"இல்ல மிஸ்டர் டாகெட். நாங்கதான்."

"ஒழுகவே இல்ல?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "பதினேழு வருஷம் சுவத்துல காத வச்சுக் கேட்டேன்மா, எங்க சொட்டுதுன்னு. நீ சொன்னேன்னு வாரத்துக்கு ஒரு குளியல்னு ஆக்கினேன். அப்பவும் குறையல. எங்கயோ குழாயத் தொறந்துவிட்டு மறந்துடறேன், மூளை கழண்டுடுச்சுன்னு தங்கச்சிகிட்ட அழுதிருக்கேன். கழலல, பாத்தியா."

அவர் குளியலைக் குறைக்கக் குறைக்கத்தான் தன் பில் ஏறாமல் இருந்திருக்கிறது என்பது டியோலிண்டாவுக்கு உறைத்தது. அலுவலகம் அவருக்குத் திருப்பித் தருவது போக மீதிப் பணத்தைத் தானே தந்துவிடுவதாகச் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ஒம்பது வருஷம் இருக்கும், ஒரு குளிர்காலம். அப்ப மட்டும் பில்லு ரெண்டு பங்கு. பிளம்பரக் கூப்பிட்டு குளியலறைத் தரையையே பேத்துட்டேன். ஒண்ணும் கிடைக்கல. அது என்ன?"

டியோலிண்டா இப்போதுதான் உட்கார்ந்தாள்.

"அது ஜில்பெர்ட்டோ படுக்கையில கெடந்த குளிர்காலம்," என்றாள். "ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவ துணி மாத்தணும். தினமும் மூணு நாலு தடவ மெஷின் ஓடும். யாராவது பாக்க வந்தா நாத்தம் வரக் கூடாது. அவரு வெட்கப்படுவாரு."

"சுவத்துக்கு இந்தப் பக்கம் சத்தம் கேக்கும். பசங்க துணின்னு நெனச்சேன்," என்றார் வெர்னன். பிறகு ரொட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "தெரிஞ்சிருந்தா தரைய உடச்சிருக்க மாட்டேன்," என்றார்.

காரில் வந்து உட்கார்ந்ததும் கெண்ட்ரா சாவியைப் போட்டாள். ஆனால் திருகவில்லை. டியோலிண்டா கைப்பையின் பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உன்ன நான் பேசினது தப்பு. கதவுக்கு வெளிய நின்னது அதவிடத் தப்பு. தண்ணி உன்னுதா இருந்தாலும் தப்புதான். எனக்கு இதெல்லாம் சொல்லி பழக்கமில்ல. போகாதீங்க கெண்ட்ரா. அந்த வீட்டுல தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு."

கெண்ட்ரா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஜில்பெர்ட்டோ எப்படி இருப்பாரு? நெல்சன் அவங்கப்பாவப் பத்திப் பேசினதே இல்ல," என்றாள்.

டியோலிண்டா சொல்ல ஆரம்பித்தாள். அவர் ஆலையிலிருந்து பசியோடு வந்தாலும் முதலில் தக்காளிச் செடிகளைப் போய்ப் பார்ப்பது. நெல்சன் பிறந்த அன்று மருத்துவமனையில் தப்பான அறைக்குள் நுழைந்து வேறு யார் குழந்தையையோ பத்து நிமிடம் கொஞ்சிவிட்டு வந்தது. கார்க் கண்ணாடிகள் மூச்சுக் காற்றில் மங்கிவிட்டன.

கெண்ட்ராவின் போன் அடித்தது. நெல்சன். புது வீட்டுக்காரர் சாயங்காலத்துக்குள் முன்பணம் கேட்கிறார், என்ன சொல்லட்டும் என்று அவன் கேட்டது டியோலிண்டாவுக்கும் கேட்டது. அவள் பேச்சை நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வேணாம்னு சொல்லிடு," என்றாள் கெண்ட்ரா. "இல்ல, ஒண்ணும் ஆகல. உங்கம்மா பேசிக்கிட்டிருக்காங்க. அப்புறம் கூப்பிடறேன்."

போனை மடியில் போட்டுவிட்டு மாமியாரைப் பார்த்தாள்.

"ம். அந்தக் குழந்தையோட அம்மா என்ன சொன்னா?"