ஒன்பதாம் நம்பர் மலை காடான நாள்

"மேற்படி பெண் தொழிலாளி அனுமதியின்றி வனப்பகுதிக்குள் நுழைந்து விறகு சேகரித்துக்கொண்டிருந்தபோது சிறுத்தையின் தாக்குதலுக்கு உள்ளானார்." தேயிலைத் தோட்ட ஆபீஸ் முத்திரையோடு என் சின்னம்மாவுக்கு வந்த கடிதத்தின் மூன்றாவது வாக்கியம் இது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது, தமிழாக்கம் என்னுடையது. சம்பவம் நடந்த பதினோராம் நாளின் தேதியை இட்டிருந்தார்கள். அந்தப் பதினோரு நாளும் சின்னம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். தோட்டத்திலிருந்து ஒருவரும் வந்து, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலேயே எழுதினார்கள்.

நடந்ததை நான் மூன்று பெண்களிடம் தனித்தனியாகக் கேட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். மூவரும் அன்று பக்கத்து நிரைகளில் கொழுந்தெடுத்தவர்கள். மூன்று குறிப்புகளும் ஒத்துப்போகின்றன. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், சின்னம்மாவின் கூட்டத்தைக் கங்காணி ஒன்பதாம் நம்பர் மலைக்கு அனுப்பினார். உச்சியில் பிளந்த பாறையோடு, காட்டை ஒட்டிய தேயிலை மலை அது. இரண்டு வருடமாக யாரும் புல் வெட்டாததால், மானாப்புல் தேயிலைக்கு மேலே எழுந்து நின்றது. பெண்கள் தயங்கினார்கள். "புலி என்னா, ஒங்களுக்குப் பெரட்டு வைக்கவா வருது? போங்க, போங்க" என்றாராம் கங்காணி. சிறுத்தையைத் தோட்டத்தில் புலி என்றுதான் சொல்வார்கள். எடுத்த கொழுந்தின் முதல் நிறுவை முடிந்து, காட்டோரக் கடைசி நிரையில் சின்னம்மா குனிந்தார். செடிக்கடியில் குட்டிகளோடு படுத்திருந்த சிறுத்தை பாய்ந்தது. முதுகில் தொங்கிய கூடை முதல் கடியை வாங்கிக்கொண்டது. இரண்டாவது கடி இடது தோளில் இறங்கியது. மற்றவர்கள் போட்ட கூச்சலில் அது குட்டிகளிடம் திரும்பிவிட்டது. சின்னம்மாவின் இடது கை அதற்குப் பிறகு தோளுக்கு மேலே எழவில்லை.

புலி மேல் அவருக்குக் கோபம் இருந்ததே இல்லை. "அது பிள்ளக்காரி. நான் அது வாசல்ல போயி நின்னேன், அடிச்சிருச்சு. இத எழுதினாங்களே, அவங்க எந்தப் பிள்ளயக் காப்பாத்த எழுதினாங்க?" என்று கேட்பார். அதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஒரு மலையைப் புதர்மண்ட விட்டுவிட்டு அதற்குள் பெண்களை அனுப்பினால் தோட்டம் பதில் சொல்ல வேண்டும். விறகு பொறுக்கப் போனவள் என்று எழுதிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கடிதத்தை வாசித்துச் சொன்னவன் நான். ஹட்டனில் வேலையிலிருந்த எனக்கு அப்போது லீவு. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மூன்று முறை சொல்லச் சொன்னார் சின்னம்மா. மறுநாள் கையைத் தூளிகட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். பெரிய கிளாக்கர் மென்மையாகத்தான் பேசினார், உட்காரச் சொல்லவில்லை என்பதைத் தவிர.

"ஒரு வரிதானேம்மா. அதப் புடிச்சிக்கிட்டு ஏன் நிக்கிறீங்க?"

"ஒரு வரிதானுங்களே ஐயா. அழிச்சிருங்க."

கிளாக்கர் சிரித்தார். தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்டதில் தான் கைவைக்க முடியாது என்றார். "நான் களவெடுக்கப் போகலீங்க, கொழுந்தெடுக்கப் போனேன்" என்றார் சின்னம்மா. கிளாக்கர் ஃபைலைக் கட்டி ஓரமாக வைத்தார். அந்த வரி அழிய வேண்டும் என்பதைத் தவிர, சாகும்வரை சின்னம்மா வேறெதையும் தோட்டத்திடம் கேட்கவில்லை.

வரிசை வீடுகளான லயத்துச் சனமும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், "விறகுக்காரி வர்றா, வழி விடுங்கடி" என்பார்கள். "வாடி, ஒனக்கும் ஒரு கட்டு கொண்டாந்திருக்கேன்" என்று சின்னம்மாவும் திருப்பிக் கொடுப்பார். விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் பக்கத்து லயத்தில் ஒரு சேவல் காணாமல் போனபோது, முதலில் வந்து எட்டிப்பார்த்தது அவருடைய வீட்டுப் பின்புறக் கோடியைத்தான். அன்று அவர் யாருக்கும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஒரு கணக்கப்பிள்ளையின் தயவில் அந்த மாதத்து வேலைப் பதிவேடான செக்ரோலைப் பார்த்தேன். முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதிநாளுக்கு அரைப் பேர் என்று போடுவது தோட்டத்து வழக்கம். சம்பவ நாளில் சின்னம்மாவுக்கு அரைப் பேர் விழுந்திருந்தது. மலை நம்பர் ஒன்பது. ஆக, ஒரே ஆபீஸ் ஒரே பெண்ணை, ஒரே முற்பகலில், தன் மலையில் வேலை செய்தவராகவும் காட்டுக்குள் களவெடுத்தவராகவும் எழுதி வைத்திருக்கிறது. புலி கடிக்கும்வரை வேலை. கடித்த கணத்திலிருந்து குற்றம். அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்துத் தோட்டத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் அனுப்பினேன். பதில் வரவில்லை. என் நான்காவது நினைவூட்டல் தபாலில் இருந்த வாரத்தில் சின்னம்மா இறந்தார்.

சென்ற விடுமுறையில், கொழும்பிலிருந்து வந்த மனைவியின் உறவுக்காரர்களோடு வனப்பூங்கா ஒன்றுக்குப் போனேன். பூங்காவின் பெயர் இங்கே வேண்டாம். நுழைவாயிலில் பையைத் திறந்து பிஸ்கட்டின் உறையைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். காடு அவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டுமாம். பனி விலகிய புல்வெளியில் மரைமான்கள் மேய்வதைப் பார்த்தோம். அப்புறம் வழிகாட்டி எங்களை ஒரு சரிவில் நிறுத்தி, சிறுத்தை நடமாடும் இடம் இதுதான் என்று சிங்களத்தில் கதை சொல்லத் தொடங்கினார். முன்பொரு தோட்டத்துப் பெண் விறகு திருட இங்கே புகுந்து கடிபட்டாளாம். இந்த ஆட்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாதாம். "பாவந்தான். ஆனா காட்டுக்குள்ள எதுக்குப் போகணும்?" என்றாள் என் மச்சினி.

நான் வழிகாட்டியின் முதுகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே பிளந்த பாறை, ஒன்பதாம் நம்பர் மலையின் அடையாளம். கீழே இரண்டு ஆள் உயரத்தில், வெள்ளைப் பூப் பூத்த சிறு மரங்கள். எங்கள் ஆட்கள் அவற்றைக் காட்டுப்பூ என்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கவ்வாத்து இல்லாமல் மரமாகிவிட்ட தேயிலை அது. அடிமரங்கள் இன்னும் ஒரே சீரான இடைவெளியில், நிரை பிசகாமல் நின்றன. "இது காடல்ல, ஆட்கள் நட்ட தேயிலை. நீங்கள் சொன்ன பெண் என் சின்னம்மா. முதுகில் கூடையோடு இந்த நிரையில் நின்றார்" என்று வழிகாட்டியிடம் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டதென்று பிறகு மனைவி சொன்னாள். வழிகாட்டி கோபப்படவில்லை. ஃபோனில் வரைபடத்தைத் திறந்து, இங்கே பாருங்கள் மாத்தயா, இது பூங்காவின் நிலம் என்று காட்டினார். வரைபடத்தில் அந்த இடம் பச்சையாகத்தான் இருந்தது. அவர் கையில் இருந்தது சரியான வரைபடம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தோட்டம் கைவிட்ட மலை பூங்காவோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. எப்போது? சம்பவத்துக்குப் பிறகு என்றால், சின்னம்மா கடிபட்டது தேயிலை மலையில், கடிதம் பொய். முன்பே என்றால், தோட்டம் தன் எல்லைக்கு வெளியே ஆள் அனுப்பிக் கொழுந்தெடுத்திருக்கிறது. அத்துமீறியது பெரட்டு வைத்தவர்கள். எப்படிப் பார்த்தாலும் அவர் களவெடுக்கவில்லை. ஆனால் தேதி இல்லாமல், எந்தப் பொய்யை எவரிடம் போய்த் திருத்தச் சொல்வது? கம்பனி மாறியபோது பழைய வரைபடங்கள் போய்விட்டன என்கிறது தோட்டம். நில அளவை ஆபீசைக் கேள் என்கிறார்கள் பூங்காவில். பூங்காவைக் கேள் என்கிறார்கள் நில அளவை ஆபீசில். சம்பவத்துக்கு முன்பே சேர்த்தாயிற்று என்பது கணக்கப்பிள்ளையின் ஞாபகம். இல்லை, அதற்குப் பிறகுதான், தன் மகள் பெரியவளான வருடம் என்கிறார் பக்கத்து நிரையில் நின்ற பெண்களில் ஒருவர். இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஒன்பதாம் நம்பர் மலை எந்த நாளிலிருந்து காடு என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிசெய்யப்படவில்லை.