சென்னிமலையில் வாங்கிய படிகாரம்

சவரம் செய்த தோலுக்குப் படிகாரம் உண்மையிலேயே நல்லதா, இல்லை எரிவதால் நல்லது என்று நினைத்துக்கொள்கிறோமா? வேதியியல் படித்தவள்தான், ஆனாலும் எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: தேய்த்தால் என் முகவாய் சிவப்பதில்லை, தேய்க்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் சிவந்து பொரிப்பொரியாகிவிடும். நாற்பத்தைந்துக்குப் பிறகு முகவாயில் முடி வரும் பெண்கள் நிறையப் பேர். நான் மழித்துவிடுகிறேன். இதுவரை கணவருக்கு மட்டுமே தெரியும். இந்தப் பதிவில் என் பெயர் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சென்ற மாதம் சென்னிமலையில் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை தன் புதுக் காரை ஓட்ட, கோவை பீளமேட்டிலிருந்து முந்தின நாள் மதியம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். பெருந்துறை வழியாகச் சுமார் எண்பது கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் ஆனது. லாட்ஜில் இருவருக்கும் ஒரே அறை, வாடகை ஆயிரத்து இருநூறு.

பெட்டியைத் திறந்தபோது ரேசர் இருந்தது, படிகாரம் இல்லை. மழிக்காமல் போனால் முடி தெரியும். படிகாரம் இல்லாமல் மழித்தால் சிவப்பு தெரியும். எப்படியும் அத்தனை உறவினரும் மூஞ்சிக்கு என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

அந்த ஊரில் பேர்போன பெட்ஷீட் பார்க்கப் போகிற சாக்கில் நாட்டு மருந்துக் கடையைத் தேடினேன். நங்கையும் கூடவே வந்துவிட்டார். படிகாரம் கேட்டதும் கடைக்காரர், “ஊட்டுக்காரர் சவரத்துக்குங்களா, திருஷ்டிக்குங்களா?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நங்கை சொல்லிவிட்டார்: “இவங்க ஊட்டுக்காரர் தாடி வெச்சிருக்கறாருங்க. திருஷ்டிக்குத்தான்.” பிறகு என் பக்கம் திரும்பி, “என்ற காருக்குன்னு சொல்லியிருந்தா நானே வாங்கியிருப்பனே, அம்மணி” என்றார்.

முட்டை அளவுக் கல், கறுப்புக் கயிற்றில் கட்டி முப்பது ரூபாய். லாட்ஜ் வாசலிலேயே நங்கை அதைக் காரின் முன்னால் கட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதே நிலையில் பயணம் போகும் பெண்களுக்குச் சொல்வது: படிகாரத்தை ரேசரோடு ஒரே டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு மூடாதீர்கள், கரைந்துவிடும். மழித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, நனைத்த கல்லை மெதுவாகத் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். வெட்டுக்காயம் பெரிதாக இருந்தால் இதை நம்ப வேண்டாம்.

மறுநாள் விடியற்காலையில் நங்கை தூங்கிக்கொண்டிருந்தபோது கீழே இறங்கிக் கயிற்றை அவிழ்த்தேன். கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவி, மழித்து, தேய்த்துக்கொண்டேன். வழக்கம்போல் எரிந்தது. திரும்பவும் காரில் கட்டிவிட்டு வந்தேன்.

விழாவுக்குக் கிளம்பும்போது நங்கை குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் ஈரமாக, ஒரு பக்கம் வழவழப்பாக இருந்தது. கண் பட்டால் படிகாரம் கரையும் என்று நம்புகிறவர் அவர்.

“ஒரே ராத்திரியில கரைஞ்சிருக்குதுங்க” என்றார். நிமிர்ந்து என் முகவாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “கண்ணு காரு மேல இல்லீங்க அம்மணி. உங்க மொகத்து மேலதான் இருந்திருக்கும்போல. இன்னைக்கு நல்லாத் தெளிஞ்சிருக்குது.”

நான் காரில் ஏறி உட்கார்ந்தேன். அவர் வண்டியை எடுத்தார். விழா வீட்டில் என் முகத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.