அக்கா கடந்த பாலமும் என் ஒற்றை வரிக் குறிப்பும்

சூரமங்கலத்தில் ஞாயிறு காலை ஏழெட்டுப் பேர் எழுத்துப் பயிற்சிக்குக் கூடுவோம். நான் பூசை முடிந்து நேராக அங்கே போய்விடுவேன். தலைவர் மாதிரி நடந்துகொண்டவர் திருச்செங்கோட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர். ஒரு கதையைக்கூட எழுதி முடித்தவரில்லை. குறிப்பு எடுக்கும் செயலியைப் பற்றி மட்டும் மதியம்வரை பேசுவார். மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினால் புள்ளியும் கோடுமாக ஒட்டடை போல ஒரு படம்.

"அத்தனையும் நா எடுத்த குறிப்புங்க. இது எனக்கு ரெண்டாவது மூளைங்க."

முதலாவது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. ஒரு வருடம் அந்தக் கூத்தை நானும் ஆடினேன். ரயில்வே அலுவலகத்தில் கோப்புக்கு எண் போட்டுப் பழகிய கை. மனிதர்களுக்குப் பச்சை, இடங்களுக்கு நீலம் என்று பிரித்து அடுக்கினேன். ஒரு பக்கம் எழுதவில்லை. எழுத்தாளி என்ற மிதப்பு மட்டும் வளர்ந்தது.

என் அக்கா குமாரபாளையத்தில் இருக்கிறாள். கல்யாணமான இரண்டாம் வருடம் புருஷன் வீட்டை விட்டு, தையல் மெஷினின் தலையைக் கழற்றித் தூக்கிக்கொண்டு பவானியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து நடந்தே வந்தவள். ஒரு மத்தியானம், முதல்முறையாக, அதை எனக்கு முழுதாகச் சொன்னாள்.

"ஏஞ்சாமி, நா பேசறதக் கேக்கறயா, போன நோண்டறயா?"

"குறிச்சுக்கறேன்க்கா" என்றேன். உண்மையில், துயரத்துக்கு எந்த நிறம் வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து அக்காவுக்குப் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. அவளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அந்தக் குறிப்பைத் தேடி எடுத்தேன். ஊதா நிறம், ஐந்து குறிச்சொற்கள், கீழே ஒரே வரி: ‘அக்கா, பாலம், தையல் மெஷின். விரிவாக எழுதவும்.’

யாருக்கு இந்த உத்தரவு? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

செயலியை அழித்தேன். போனிலேயே இருந்த வெறும் குறிப்பேட்டில், வேலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், தினமும் பத்து வரி எழுதினேன். சனிக்கிழமை அக்காவிடம் போய்ப் படித்துக் காட்டுவேன். சரியென்றால் இடது கையால் கட்டிலைத் தட்டுவாள். பாலத்தின் நடுவில் மெஷினை இறக்கிவைத்து அழுதாள் என்று எழுதியிருந்தேன். கை அசையவில்லை.

"அழுவுலயாக்கா? பயந்துட்டயா?"

அதற்கும் அசையவில்லை.

"சிரிச்சயா?"

இரண்டு தட்டு தட்டினாள். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியாது. அந்த மத்தியானம் சொல்லியிருப்பாள். தெரியாது என்றே எழுதினேன்.

பதினோரு பக்கம் வந்தது. அச்செடுத்துப் போய்க் கூட்டத்தில் வாசித்தேன். ஒரு பெண் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி, "அருமைங்க! எந்தச் செயலியில எழுதுனீங்க?" என்றார்.

நான் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. அக்காவுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற பெண் ஞாயிறு காலையில்தான் வருகிறாள். அந்த நேரத்துக்குப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.